இரண்டு சென்டிமீட்டரும் ஐந்து ஆண்டும்

வடபழனி வட்டாரத்தில் எழும் புதிய அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு விளம்பரப் புத்தகம் ஒன்று தருகிறார்கள். பளபளப்பான தாள், வண்ணப் படங்கள். அதை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கூடத்துத் தரைக்கு எந்த அளவு ஓடு, சமையல் மேடைக்கு எந்தக் கிரானைட், குளியலறைக் குழாய் எந்தக் கம்பெனி, நீச்சல் குளம் எத்தனை அடி நீளம் என்பதெல்லாம் அதில் இருக்கும். தளத்தின் அடிக்கம்பிக்குக் கீழே எத்தனை மில்லிமீட்டர் காங்கிரீட் இருக்கிறது என்பது இராது. மேற்குச் சுவர் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடும், பக்கத்து வீட்டுச் சுவர் எவ்வளவு ஒலியைத் தடுக்கும் என்பனவும் இரா.

இவ்விரு வகைக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். புத்தகத்தில் இருப்பவை யாவும் சாவி வாங்கும் நாளிலேயே கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக் கூடியவை. இல்லாதவை யாவும் காலம் சென்றால்தான் புலப்படுபவை. சில முதல் சித்திரை வெயிலில் புலப்படும். சில பக்கத்து வீட்டில் ஆள் குடிவந்த அன்று இரவு. சில ஏழெட்டு ஆண்டுகள் கழித்து. செலவைக் குறைக்க எண்ணும் பில்டர் எந்த வகையில் கை வைப்பார் என்று ஊகிப்பது கடினமன்று. அந்த இல்லாத வரிகளை இயற்பியலின் துணைகொண்டு படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆற்காடு சாலையும் நூறடிச் சாலையும் கூடும் வடபழனியில் 2015இல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள், மனையின் பரப்பைப்போல் ஒன்றரை மடங்கு கட்டலாம் என்றிருந்ததை இரண்டு மடங்காக்கின; உயரமான கட்டடங்களுக்கு 3.25 மடங்கு வரை இடம் தந்தன. மனை விலையோ ஏறிக்கொண்டே போகிறது. மனைக்கு வாங்கிய கடனுக்கு நாள்தோறும் வட்டி ஓடுவதால், கட்டி முடிக்க ஆகும் ஒவ்வொரு வாரமும் பணம். சிமெண்டையும் கம்பியையும் திருடுவதுதான் சிக்கனம் என்று பலர் நினைக்கிறார்கள். இன்று அதிகமாகக் குறைக்கப்படுவது நாள்களும் மேற்பார்வையும்தான் என்பது என் கருத்து.

முதலில் வரைபடத்தைப் பார்ப்போம். நடுவில் ஒரு நீண்ட தாழ்வாரம், இருபுறமும் வீடுகள். ஒரு லிஃப்டும் ஒரு படிக்கட்டும் அதிக வீடுகளுக்குப் பயன்படுவதால் இந்த அமைப்பு மலிவு. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிச்சுவர் ஒரு பக்கம்தான். சன்னல்களும் அந்தப் பக்கம்தான். கோடையில் நண்பகலுக்குப் பின் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வரும் என்பது சென்னைக்காரர் அனைவரும் அறிந்தது. காற்று ஓர் அறைக்குள் நுழைய வேண்டுமானால் அது வெளியேற மறுபுறம் வழி வேண்டும். வினாடிக்கு 3 மீட்டர் வேகக் காற்று ஒரு சுவரில் உண்டாக்கும் அழுத்தம் சுமார் 5 பாஸ்கல். நீர்மட்டத்தில் சொன்னால் அரை மில்லிமீட்டர். இந்தச் சிறு அழுத்தம் எதிர்ச் சுவரிலும் ஒரு திறப்பு இருந்தால் வீடு முழுவதையும் குளிர்விக்கும். இல்லையேல் சன்னல் திரையை அசைப்பதோடு சரி. வீடு பார்க்கப் போகும்போது ஓர் ஊதுபத்தியைக் கொண்டு போங்கள். பிற்பகல் மூன்று மணிக்குக் கூடத்தின் நடுவில் பிடித்தால் புகை எந்தப் பக்கம் சாய்கிறது, அல்லது சாயாமல் நேரே எழுகிறதா என்று பாருங்கள். விற்பனைக்காரர் சற்று வியப்புடன் பார்ப்பார், பரவாயில்லை.

அடுத்தது சுவர். இங்கே வடபழனிக்கே உரிய ஒரு வேடிக்கை உண்டு. ஏவி.எம்., விஜயா வாகினி போன்ற படப்பிடிப்பு நிலையங்கள் இருந்த ஊர் இது. பாட்டும் வசனமும் பதிவாகும் கூடத்துக்குள் வெளியே போகும் பஸ்ஸின் ஓசை வரக்கூடாது என்பதற்காகச் சுவரின் கனத்தையும் கதவின் கனத்தையும் பார்த்துப் பார்த்துக் கட்டிய வட்டாரம். அங்கே இன்று எழும் வீடுகளில் அடுத்த வீட்டுக்காரர் இருமினால் கேட்கிறது. வீடுகளுக்கு இடையே 10 செ.மீ. இலேசுக் கல்லை (ஏ.ஏ.சி. பிளாக்) வைத்துக் கட்டுவதே பல இடங்களில் இதற்குக் காரணம். ஒலியைத் தடுப்பதில் முதன்மையானது சுவரின் எடை. பூச்சுடன் கூடிய 23 செ.மீ. செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 460 கிலோ. பூச்சுடன் கூடிய 10 செ.மீ. இலேசுக் கல் சுவர் ஏறத்தாழ 100 கிலோ. எடை இரு மடங்கானால் ஒலித் தடுப்பு 6 டெசிபெல் கூடும் என்ற விதிப்படி, இவ்விரண்டுக்கும் வேறுபாடு சுமார் 13 டெசிபெல். அதாவது இலேசான சுவர் 20 மடங்கு ஒலி ஆற்றலை உள்ளே விடுகிறது. கணக்கில் வருவது அப்படியே நடைமுறையில் வராது. ஆனால் காது இதற்கு நல்ல சாட்சி.

இதைக் கொண்டு இலேசுக் கல்லே கூடாது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். வெப்பத்தைத் தடுப்பதில் 10 செ.மீ. இலேசுக் கல், 23 செ.மீ. செங்கல்லைவிட மேலானது, அதனுள் உள்ள காற்றுக் குமிழ்களே காரணம். வெயில் விழும் மேற்குச் சுவருக்கு அது பொருத்தமான பொருள். மறுபுறம், அலுமினிய அச்சுகளை நிறுத்திச் சுவர், தளம் எல்லாவற்றையும் காங்கிரீட்டாகவே வார்க்கும் முறை இப்போது உயரமான கட்டடங்களில் பரவியிருக்கிறது. வேலை வேகமாக நடக்கும். கொத்தனாரும் பூச்சு வேலையும் குறைவு. இந்த 15 செ.மீ. காங்கிரீட் சுவர் ஒலியை நன்றாகத் தடுக்கும். ஆனால் 23 செ.மீ. செங்கல் சுவரைப்போல் 1.7 மடங்கு வெப்பத்தை உள்ளே கடத்தும். ஆகவே வெளிச் சுவருக்கு இலேசுப் பொருள், வீடுகளுக்கு இடையே கனமான பொருள் என்று வைப்பதே அறிவான வடிவமைப்பு. நடப்பது என்ன? ஒரு கட்டடத்தில் எல்லாச் சுவரும் இலேசுக் கல். இன்னொன்றில் எல்லாச் சுவரும் காங்கிரீட். ஒரே பொருளை வாங்கி ஒரே குழுவைக் கொண்டு முடித்துவிடுவது எளிது. மேற்குப் பார்த்த படுக்கையறையில் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு ஓடப்போகும் குளிர்சாதனப் பெட்டியின் மின்கட்டணம் பில்டருடைய கணக்குப் புத்தகத்தில் வராது. இதைச் செலவுக் குறைப்பு என்று நான் ஒப்ப மாட்டேன். ஒருவர் தலையிலிருந்து இறக்கி மற்றொருவர் தலையில் வைத்தது.

உண்மையான செலவுக் குறைப்பு எப்படி இருக்கும் என்பதற்குத் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) நல்ல சான்று. அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கற்கள் குறுகிய பக்கத்தில் நிறுத்தி வைக்கப்படுகின்றன. சுவருக்குள் வெற்றிடம் விழுவதால் கல் ஏறத்தாழக் கால்பங்கு மிச்சமாகிறது. அதே வெற்றிடக் காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. பணமும் குறைந்தது, வீடும் குளிர்ந்தது. இத்தகைய சிக்கனத்துக்குத் தேவை சிந்தனை. மேற்பார்வையும் வேண்டும், தெரியாத கையில் இம்முறை கெட்டுப்போகும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். கூரைத் தளத்தின் அடிப்பாகத்தில் கம்பிகள் இருக்கின்றன. அவற்றுக்கும் நாம் அண்ணாந்து பார்க்கும் பூச்சுக்கும் இடையே உள்ள காங்கிரீட் படலத்தைக் ‘கவர்’ என்பார்கள். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 (2000ஆம் ஆண்டுப் பதிப்பு) இதற்கு அளவு வகுத்திருக்கிறது. வெயில் மழையிலிருந்து காக்கப்பட்ட சாதாரண இடத்தில் 20 மி.மீ.; நடுத்தரத் தாக்கம் உள்ள இடத்தில் 30; கடுமையான இடத்தில் 45. இதில் ஒரு நுணுக்கம். கட்டடத்துக்கு உள்ளே இருக்கும் காங்கிரீட்டும் கடற்கரைப் பகுதியில் ‘சாதாரணம்’ என்ற வகையில் சேராது, ‘நடுத்தரம்’ ஆகிவிடும் என்று அந்த அட்டவணை சொல்கிறது. கடலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் வரை கடற்கரைப் பகுதி என்று அதில் இல்லை. மெரினாவிலிருந்து எட்டு கிலோமீட்டர் அளவில் இருக்கும் வடபழனி எந்த வகை? 20 போதும் என்பாரும் உண்டு, 30 வேண்டும் என்பாரும் உண்டு. எந்தப் பதில் மலிவானது என்பது வெளிப்படை.

இந்த 20 மி.மீ.யாவது உண்மையில் கிடைக்கிறதா? கம்பியை அச்சுப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கச் சிறு காங்கிரீட் கட்டைகளை அடியில் வைக்க வேண்டும். ஒரு கட்டையின் விலை சில ரூபாய். அதை வைக்க மறந்தாலும், ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்தாலும், கலவை கொட்டும் ஆட்கள் கம்பியின்மேல் நடந்தாலும் கவர் 10 மி.மீ. ஆகிவிடும், சில இடங்களில் ஒன்றுமே இராது. பால்கனி, சன்ஷேடு போன்ற நீட்டல்களில் கம்பி மேற்புறம் இருக்க வேண்டும். அது மிதிபட்டுக் கீழே இறங்கினால் அந்தத் தளத்தின் வலிமையே போய்விடும்.

கவர் எதற்காக? காங்கிரீட் ஒரு காரப் பொருள், அதன் பி.எச். மதிப்பு 12, 13 அளவில் இருக்கும். இந்தக் காரச் சூழலில் இரும்பின் மீது கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று உண்டாகித் துருவைத் தடுக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு நுண்துளைகள் வழியே மெதுவாக உட்புகுந்து, காரத்தைச் சுண்ணாம்புக் கல்லாக மாற்றிக்கொண்டே போகிறது. பி.எச். 9க்குக் கீழே இறங்குகிறது. இந்த எல்லைக்கோடு கம்பியைத் தொட்டதும் படலம் அழியும். ஈரமும் பிராணவாயுவும் கிடைத்தால் துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். அந்த அழுத்தம் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. கூரையில் கம்பி ஓடும் வழியிலேயே நேர்கோடாக விரிசல் விழுவதும், பிறகு பாளம் பெயர்ந்து கட்டிலின் மேல் விழுவதும் இப்படித்தான்.

அந்த எல்லைக்கோடு எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பதில்தான் இயற்பியல் சுவைபட வருகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் ஏற்கெனவே மாறிவிட்ட பகுதி முழுவதையும் கடந்துதான் புதிய இடத்தைச் சேர வேண்டும். ஆழம் கூடக் கூட வழியும் கூடுகிறது, வேகம் குறைகிறது. எனவே ஆழம் காலத்தின் நேர்விகிதத்தில் அமையாமல், காலத்தின் வர்க்கமூலத்தின் விகிதத்தில் அமைகிறது. ஓராண்டில் 4 மி.மீ. என்றால் நான்கு ஆண்டில் 8 மி.மீ.; 16 ஆண்டில்தான் 16 மி.மீ. நடுத்தரமான காங்கிரீட்டுக்கு இந்த அளவு பொருந்தும் என்று வைத்துக்கொள்வோம். கவர் 20 மி.மீ. இருந்தால் எல்லைக்கோடு கம்பியை அடைய 25 ஆண்டுகள். கவர் 10 மி.மீ. ஆனால்? பாதி, அதாவது பன்னிரண்டரை ஆண்டு என்றுதான் யாரும் முதலில் சொல்வார்கள். சரியான விடை ஆறேகால் ஆண்டு. கவர் பாதியானால் காலம் கால்பங்காகிறது.

காங்கிரீட்டே மட்டமாக இருந்தால் இன்னும் மோசம். ஒரு மூட்டை சிமெண்டுக்கு 25 லிட்டர் தண்ணீர் என்றால் நீர்-சிமெண்டு விகிதம் 0.5. கலவை இளகி எளிதாக ஓட வேண்டும் என்று இன்னும் 5 லிட்டர் ஊற்றினால் 0.6. கூடுதல் தண்ணீர் சிமெண்டோடு சேர்வதில்லை. பின்னர் ஆவியாகித் துளைகளை விட்டுச் செல்கிறது. தண்ணீர் கூடினால் வலிமை குறையும் என்பதை அமெரிக்கப் பொறியாளர் டஃப் ஏப்ரம்ஸ் 1918லேயே எழுதிவிட்டார். துளையுள்ள காங்கிரீட்டில் எல்லைக்கோட்டின் அளவு 4க்குப் பதில் 8 ஆனால், ஒழுங்கான 20 மி.மீ. கவரும் ஆறேகால் ஆண்டில் கடக்கப்பட்டுவிடும்.

தண்ணீர் கட்டுவது இதனினும் மலிவான காரியம்; இதனினும் அதிகமாகக் கைவிடப்படுவது. சாதாரண சிமெண்டானால் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டானால் 10 நாள் காங்கிரீட்டை ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இன்று விற்பனையாகும் சிமெண்டில் பெரும்பகுதி பின்னது. வாரத்துக்கு ஒரு தளம் என்று ஓடும் வேலையில் பத்து நாள் தண்ணீர் கட்ட யாருக்குப் பொறுமை? மேற்பரப்புதான் முதலில் காய்கிறது. கவர் இருப்பது அந்த மேற்பரப்பில்.

உப்பு வேறொரு வழி. குளோரைடு கம்பியை அடைந்தால் காரம் குறையாமலே அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். காங்கிரீட்டில் கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு கூடாது. கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. ஒரு கன மீட்டருக்குச் சுமார் 180 லிட்டர் தண்ணீர் செல்கிறது. விதிக்குட்பட்ட தண்ணீரானால் 90 கிராம்தான் சேரும். லிட்டருக்கு 3000 மில்லிகிராம் உள்ள உப்பு ஆழ்துளைத் தண்ணீரானால் 540 கிராம். மணல், ஜல்லி, சிமெண்டு எதையும் சேர்க்காமலே எல்லை நெருங்கிவிட்டது. லாரித் தண்ணீர் வாங்கும் காசை மிச்சம் பிடித்தவருக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருக்குமா என்பது ஐயமே.

இவை கரும்பலகைக் கணக்குகள் மட்டுமல்ல. குருகிராமில் சிந்தெல்ஸ் பாரடைசோ என்ற அடுக்குமாடி வளாகத்தில் 2022 பிப்ரவரி 10 அன்று ஆறாம் மாடி வீட்டின் தளம் இடிந்து, கீழிருந்த தளங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக உடைத்துக்கொண்டு விழுந்தது. இரண்டு பெண்கள் இறந்தனர். டில்லி ஐ.ஐ.டி. ஆராய்ந்தபோது காங்கிரீட்டில் குளோரைடு மிகுந்திருப்பதையும் கம்பிகள் துருவேறியிருப்பதையும் கண்டு, அந்தக் கட்டடம் குடியிருக்கத் தகுதியற்றது என்றது. கடலே இல்லாத ஊர் அது. வடபழனிக்கு அடுத்த சாலிகிராமத்திலும் பெரிய அடுக்குமாடி வளாகம் ஒன்றில், குடியேறிச் சில ஆண்டுகளிலேயே கூரை பெயர்ந்து விழுவதாகக் குடியிருப்போர் முறையிட்ட செய்தி 2022இல் நாளிதழ்களில் வந்தது. அரசுக் கட்டடங்களும் இதற்கு விலக்கல்ல, புளியந்தோப்பு கே.பி. பூங்கா அடுக்குமாடியில் கையால் சுரண்டினாலே பூச்சு உதிர்ந்ததும், சென்னை ஐ.ஐ.டி. ஆராய அழைக்கப்பட்டதும் 2021இல்.

ஆற்காடு சாலையில் மேற்கே சென்று போரூரைத் தாண்டினால் மௌலிவாக்கம். அங்கே 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அருகிருந்த இணைக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அந்தக் கோரத்துக்குப் பிறகு வீடு வாங்குவோர் பலர் ‘கட்டடம் நிற்குமா?’ என்று கேட்கத் தொடங்கினார்கள். நல்ல கேள்விதான். ஆனால் பெரும்பாலான கட்டடங்கள் நிற்கும். எத்தனை ஆண்டு, எந்த நிலையில் என்பதே கேட்கப்படாமல் போகிறது.

இவ்வளவுக்கும் மிச்சமானது எவ்வளவு? 1000 சதுர அடித் தளத்தில் ஒரு சென்டிமீட்டர் காங்கிரீட்டைக் கூட்டினால் ஒரு கன மீட்டருக்கும் சற்றுக் குறைவாகவே ஆகும். விலை சில ஆயிரம் ரூபாய். தூணும் அடித்தளமும் அந்தக் கூடுதல் எடையைத் தாங்கச் சற்றுப் பெருக்க வேண்டும் என்று பொறியாளர் சொல்வார், ஒப்புக்கொள்கிறேன். அப்படியும் அத்தொகை நீச்சல் குளத்துக்கு அருகே வராது.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் (ரெரா) 14ஆம் பிரிவில், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை இருப்பதைச் சுட்டிக்காட்டினால், பில்டர் தம் செலவில் 30 நாளில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. முன்பு இதுகூட இல்லாததால் இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் நம் கணக்கில் வந்த எண்ணை நினைவுகூருங்கள்: ஆறேகால் ஆண்டு. அதுவும் எல்லைக்கோடு கம்பியைத் தொடும் நாள் மட்டுமே. துரு வளர்ந்து விரிசல் கண்ணுக்குத் தெரிய மேலும் சில ஆண்டுகள் ஆகும். பாதிக் கவரோடு கட்டப்பட்ட வீடு, ஐந்தாம் ஆண்டு நிறைவு நாளில் வெளிப்பார்வைக்குப் புது வீடாகவே நிற்கும். சட்டம் எழுதியவர்கள் ஓடு பெயர்வதையும் குழாய் ஒழுகுவதையும் மனத்தில் வைத்தார்களோ என்னவோ, வர்க்கமூல விதியை வைக்கவில்லை.

எனினும் சட்டம் ‘விரிசல்’ என்று சொல்லவில்லை. ‘குறை’ என்றுதான் சொல்கிறது. தர நிர்ணய அளவுக்குக் குறைந்த கவர், ஒன்றும் பெயராத நிலையிலும் வேலைத்தரக் குறையே என்று வாதிட இடமுண்டு. அதை நான்காம் ஆண்டிலேயே அளந்துவிடலாம். மின்காந்தத் தூண்டலால் இயங்கும் கவர் மீட்டர் என்ற கருவி, காங்கிரீட்டை உடைக்காமலே கம்பி எத்தனை மி.மீ. ஆழத்தில் உள்ளது என்று சொல்லும். எல்லைக்கோடு எங்கே வந்திருக்கிறது என்று அறிய, பள்ளி ஆய்வகத்தில் நாம் எல்லோரும் பார்த்த பினாப்தலீன் போதும். தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு கூரையின் அடிப்புறத்தில் சிறிது காங்கிரீட்டைப் பெயர்த்து (தூணில் கை வைக்க வேண்டாம்), தூசியை ஊதிவிட்டுக் கரைசலைத் தெளித்தால், காரம் உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும்; இழந்த பகுதி நிறமின்றி இருக்கும். நிறமற்ற பட்டையை அளவுகோலால் அளந்து கொள்ளலாம். பின்பு அந்த இடத்தை நல்ல கலவையால் அடைத்துவிட வேண்டும்.

நான்காம் ஆண்டில் அந்தப் பட்டை 8 மி.மீ., கவர் மீட்டர் காட்டுவது 12 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 12ஐ 8ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, நான்கால் பெருக்கினால் ஒன்பது. கம்பியைத் தொட இன்னும் ஐந்து ஆண்டுகள் உள்ளன. மனுக் கொடுக்க ஓர் ஆண்டு.